ரிப்போர்ட்டில் "கியாரி" என்று வந்திருக்கிறதா? சிறுமூளை இறங்கிய அளவை நீங்களே பார்க்கும் முறை

தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "கியாரி மால்ஃபார்மேஷன் டைப் 1" என்றோ "சிறுமூளை டான்சில் 6 மி.மீ. கீழிறங்கியுள்ளது" என்றோ இருப்பதைப் பார்த்துவிட்டு, நரம்பியல் டாக்டரிடம் அடுத்த வாரம்தான் டோக்கன் கிடைத்திருக்கிறது என்று தூக்கமில்லாமல் கிடக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன், ஈரோடு திருப்பூர் பக்கம் வேலை. படம் எடுப்பது என் வேலை. நோய் என்ன, என்ன செய்யலாம் என்பதை ரேடியாலஜிஸ்ட்டும் நரம்பியல் டாக்டரும்தான் முடிவு செய்வார்கள். ஆனாலும் அந்த 6 மி.மீ. எங்கிருந்து எங்கே அளந்தது, அதை எவ்வளவு நம்பலாம், அதோடு வேறு எதையெல்லாம் சேர்த்துப் பார்க்கணும் என்று தெரிந்துகொண்டு போனால், டாக்டர் அறையில் கிடைக்கிற கொஞ்ச நேரம் உருப்படியாகப் போகும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பது பாதிக் கேள்விதான். இறங்கிய இடத்தில் மூளைநீர் போய்வர வழி இருக்கிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி, அது பல ரிப்போர்ட்டுகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

சிறுமூளை தலையின் பின்பக்கம், பொடனிக்கு மேலே இருக்கிறது. அதன் அடியில் இடமும் வலமுமாக இரண்டு சின்ன மடல்கள், அவற்றுக்குத்தான் டான்சில் என்று பேர். தொண்டையில் இருக்கிற டான்சிலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் இறங்கிப் போகிற ஓட்டை ஒன்று உண்டு, பெருந்துளை என்பார்கள், பெரியவர்களுக்கு முன்னிருந்து பின்னாக சுமார் 35 மி.மீ. இருக்கும். டான்சில் அதற்கு மேலேயே நிற்க வேண்டும், கொஞ்சம் கீழே எட்டிப் பார்த்தாலும் பெரும்பாலும் தொந்தரவில்லை. அளவுக்கு மீறி இறங்கி, அந்த ஓட்டையில் நெருக்கிக்கொண்டு நின்றால் அதுதான் கியாரி டைப் 1. பெரும்பாலானவர்களுக்கு சிறுமூளையில் குறை இல்லை, அது இருக்கிற எலும்புக்குழி சின்னதாக அமைந்துவிட்டதுதான் காரணம். பச்சைக் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டு மூடாமல் பிறப்பதோடு சேர்ந்து வருவது டைப் 2, அது வேறு கதை, இங்கே எடுக்கவில்லை.

இதை 1891-ல் எழுதி வைத்தவர் ஹான்ஸ் கியாரி, பிராகா நகரில் பிணக்கூறு ஆய்வு செய்துவந்த டாக்டர். டைப் 1-க்கு அவர் எழுதிய உதாரணம் டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோன 17 வயதுப் பெண். அந்தப் பெண்ணுக்கு உயிரோடு இருந்தவரை சிறுமூளையால் எந்தத் தொந்தரவும் இருந்ததாகக் குறிப்பில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

பிலிம் போதாது, டிஸ்க்கை வாங்குங்கள்

பெரிய கவரில் கொடுக்கிற பிலிமை வெளிச்சத்தில் பிடித்து ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பிலிமில் படம் சுருங்கித்தான் இருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் சென்டிமீட்டர் கோடு போட்ட சின்ன அளவுகோல் ஒன்று அச்சாகியிருக்கும், கவனித்துப் பார்த்தால் தெரியும். உண்மையான அளவு அதை வைத்துத்தான். பிலிமை போனில் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி "எவ்வளவு இருக்குன்னு பாருங்க" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

சென்டரில் கேட்டால் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ மொத்தப் படத்தையும் டைகாம் என்கிற, ஸ்கேன் படத்துக்கான கம்ப்யூட்டர் கோப்பு வடிவத்தில் தருவார்கள். இப்போது பல லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே இல்லை, அதனால் பென் டிரைவாகவே கேளுங்கள், பழைய டிஸ்க் இருந்தால் பிரவுசிங் சென்டரில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், ஆனால் காப்பி எடுத்த கையோடு அவர்கள் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கச் சொல்லிவிடுங்கள். பார்ப்பதற்கான மென்பொருள் பெரும்பாலும் அந்த டிஸ்க்கிலேயே இருக்கும். இல்லையென்றால் வீசிஸ், மைக்ரோடைகாம் மாதிரி இலவசமாகக் கிடைப்பதை இறக்கிக்கொள்ளலாம். நோயாளியின் பேர், வயசு எல்லாம் படத்திலேயே ஒட்டியிருக்கும், ஆகவே முன்பின் தெரியாத இணையதளத்தில் ஏற்றி வைக்காதீர்கள்.

திறந்ததும் இடப்பக்கம் வரிசையாக நிறைய தொகுப்பு இருக்கும். உங்களுக்கு வேண்டியது "சஜிட்டல்" என்று பேர் போட்டது, அதாவது பக்கவாட்டில் இருந்து பார்க்கிற மாதிரி வெட்டிய படம். அதில் டி1 என்பதில் நீர் கறுப்பாகவும் கொழுப்பு வெள்ளையாகவும் தெரியும், டி2 என்பதில் நீர் வெள்ளையாகத் தெரியும். எலும்பை வைத்து அளக்க டி1, நீர் வழியைப் பார்க்க டி2.

நடுக்கோட்டுப் படத்தைக் கண்டுபிடிப்பது

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், பாதிப் பிழை இதில்தான் வருகிறது. மவுஸ் சக்கரத்தை உருட்டி ஒவ்வொரு படமாகப் போங்கள். மூளையின் நடுவில் வளைந்து கிடக்கிற தடித்த வெள்ளைப் பட்டை முழுசாகத் தெரிய வேண்டும், சிறுமூளைக்கு முன்னால் நாலாவது நீரறை, அதாவது மூளைநீர் நிற்கிற குழி, முக்கோணமாகத் தெரிய வேண்டும், அதற்கு மேலே போகிற நூல் மாதிரியான நீர்க்குழாய் தெரிய வேண்டும், கழுத்தில் தண்டுவடம் விட்டுப்போகாமல் நீளமாகத் தெரிய வேண்டும். எல்லாம் ஒரே படத்தில் இருந்தால் அதுதான் நடு. தலையைக் கொஞ்சம் சாய்த்துப் படுத்திருந்தால் மூளை ஒரு படத்தில் நடுவாகவும் கழுத்து இன்னொரு படத்தில் நடுவாகவும் வரும். அப்படி இருந்தால் பெருந்துளை இருக்கிற உயரத்தில் எது நடு என்று பார்த்து அதை எடுங்கள்.

இப்போது எலும்பு. மூளைத்தண்டுக்கு முன்னால் சரிவாக இறங்கி வருகிற எலும்பு கிளைவஸ். பெரியவர்களுக்கு டி1-ல் அதன் உள்ளே கொழுப்பு மஜ்ஜை இருப்பதால் வெள்ளையாகத் தெரியும், சின்னக் குழந்தைகளுக்குக் கொஞ்சம் மங்கலாக இருக்கும். அதன் கீழ் நுனிதான் முன் புள்ளி, பேசியான். பின்பக்கம் பொடனி எலும்பு இறங்கி வந்து முடிகிற நுனி பின் புள்ளி, ஒபிஸ்தியான். இந்த இரண்டாவதில்தான் புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள், ஏனென்றால் அதற்குச் சற்றுக் கீழே முதல் கழுத்தெலும்பின் பின் வளைவு சின்னதாக, உருண்டையாக, தனியாக நிற்கும். அதைத் தப்பாகப் பின் புள்ளி என்று எடுத்தால் கோடு பின்பக்கமாகத் தாழ்ந்துவிடும், டான்சில் இறங்கிய அளவு உண்மையில் இருப்பதைவிடக் குறைவாக வரும். தொடர்ச்சியாக மேலே மண்டையோட்டோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புள்ளி வையுங்கள்.

முன் புள்ளியில் இருந்து பின் புள்ளிக்கு ஒரு கோடு. இதுதான் மெக்ரே கோடு, 1953-ல் இருந்து அந்தப் பேரில் புழக்கத்தில் இருக்கிறது. அடுத்து டான்சிலின் ஆகக் கீழ் நுனியில் இருந்து அந்தக் கோட்டுக்கு நேர் செங்குத்தாக இன்னொரு கோடு. மென்பொருள் காட்டுகிற மில்லிமீட்டர்தான் உங்கள் எண். தண்டுவடம் போகிற திசையில் சாய்த்து அளந்தால் எண் கூடிவிடும், செங்குத்தாகத்தான் அளக்க வேண்டும்.

டான்சில் இரண்டும் நடுக்கோட்டில் இல்லை, இடமும் வலமும் கொஞ்சம் தள்ளி இருக்கின்றன. ஆகவே கோட்டை நடுப்படத்தில் போட்டுவிட்டு, பக்கத்துப் படங்களுக்கு உருட்டிப் போய் நுனி எங்கே ஆகக் கீழே வருகிறது என்று பார்க்க வேண்டும். வழக்கமான தலை ஸ்கேனில் ஒவ்வொரு துண்டும் 5 மி.மீ. தடிமன், துண்டுக்குத் துண்டு சிறு இடைவெளி வேறு. டான்சில் நுனி இரண்டு துண்டுக்கு நடுவே விழுந்தால் மங்கி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே வரும். 1 மி.மீ. தடிமனில் எடுத்த முப்பரிமாணத் தொகுப்பு டிஸ்க்கில் இருந்தால் அதில் அளப்பதுதான் நம்பகமானது. "கொரோனல்" படம், அதாவது முகத்துக்கு நேராக வெட்டியது, இருந்தால் அதையும் திறந்துபாருங்கள், இரண்டு டான்சிலும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், எது அதிகம் இறங்கியிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

எண் வந்துவிட்டது, இனி?

1985-ல் வந்த ஆரம்பகால எம்.ஆர்.ஐ. ஆய்வு ஒன்று 3 மி.மீ. வரை இயல்பு, 3 முதல் 5 வரை எல்லைக்கோடு, 5-க்கு மேல் இயல்பு மீறியது என்று வகுத்தது. இன்றைக்கும் பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் அந்த 5-ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 1992-ல் மிகுலிஸ் குழுவினர் வயதுவாரியாகப் பார்த்து, பத்து வயதுக்குள் 6 மி.மீ., பதின்ம வயதிலும் இருபதுகளிலும் 5, முப்பதில் இருந்து எழுபதுகள் வரை 4, எண்பதுகளில் 3 என்று எல்லை வைத்தார்கள். வயசு ஆக ஆக டான்சில் மெல்ல மேலே ஏறுகிறது என்பதால் ஒன்பது வயதுப் பையனின் 5 மி.மீ.யும் அறுபது வயதுப் பாட்டியின் 5 மி.மீ.யும் ஒன்றல்ல. ரிப்போர்ட்டில் இந்த வேறுபாடு இருக்காது, நீங்கள்தான் வயசோடு சேர்த்துப் படிக்கணும்.

இப்போது, ரிப்போர்ட் வாங்கின எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிற இரண்டு ஆய்வுகள். 1999-ல் நியூயார்க்கில் மில்ஹோராட் குழுவினர் தொந்தரவோடு வந்த 364 கியாரி நோயாளிகளைப் பார்த்தார்கள். அதில் 32 பேருக்கு டான்சில் 5 மி.மீ.கூட இறங்கியிருக்கவில்லை. ஆனால் 364 பேருக்குமே, ஒருத்தர் விடாமல், சிறுமூளையின் பின்னாலும் பக்கத்திலும் இருக்கிற நீர் இடம் நெரிந்துபோயிருந்தது. அடுத்த வருசம், 2000-ல், மெடோஸ் என்பவரின் குழு 22,591 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களைத் தேடியது. 175 பேருக்கு 5 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தது, அதில் 25 பேருக்குத் தொந்தரவு ஒன்றும் இல்லை. அந்த 25 பேரின் சராசரி இறக்கம் 11 மி.மீ.க்கும் மேல்! 4 மி.மீ.யில் அவதிப்படுகிறவரும் உண்டு, 11 மி.மீ.யோடு காட்டு வேலை செய்கிறவரும் உண்டு. எண்ணை மட்டும் வைத்துப் பயப்படுவதும் சரியில்லை, எண் சின்னதாக இருக்கிறது என்று விட்டுவிடுவதும் சரியில்லை.

அதனால் எண்ணைக் குறித்துக்கொண்டு டி2 படத்துக்குப் போங்கள். பெருந்துளையில் தண்டுக்கு முன்னால் வெள்ளையாக நீர் தெரிகிறதா? டான்சிலுக்குப் பின்னால், பொடனி எலும்புக்கு முன்னால், வெள்ளைக் கோடு இருக்கிறதா, இல்லை கறுப்பும் சாம்பலுமாக அடைந்து நிற்கிறதா? டான்சிலின் நுனி வழக்கம்போல் உருண்டையாக இருக்கிறதா, கூராக ஒடுங்கிப்போயிருக்கிறதா? குறுக்குவெட்டுப் படத்தில் பெருந்துளை உயரத்துக்குப் போனால் இன்னும் தெளிவு, தண்டைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் நல்லது, டான்சிலும் தண்டும் ஒட்டிக்கொண்டு வளையமே காணோம் என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். 6 மி.மீ. இறங்கி, உருண்டை நுனியோடு, சுற்றிலும் நீரோடு இருப்பது ஒன்று, 4 மி.மீ. இறங்கி, கூர் நுனியோடு, நீரே இல்லாமல் இருப்பது வேறொன்று. என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சீக்கிரம் காட்டச் சொல்வேன்.

நெரிந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் மூளைநீர் கொஞ்சம் கழுத்துக்கு இறங்கி, மறுபடி ஏறும். வழி அடைபட்டால், துடிப்புக்குத் துடிப்பு டான்சில் அடிபம்பின் தண்டு மாதிரி கீழே இடித்து, கழுத்து நீரில் அழுத்த அலையைக் கிளப்புகிறது என்று 1994-ல் ஓல்ட்ஃபீல்டு குழுவினர் விளக்கினார்கள். அந்த அலை தண்டுவடத்துக்குள் நீரைத் தள்ளி, நடுவில் நீர்ப்பை மாதிரி ஒரு குழாய் உண்டாகிறது. அதற்கு சிரிங்ஸ் என்று பேர். மில்ஹோராட் பார்த்த 364 பேரில் 65 சதவீதம் பேருக்கு அது இருந்தது.

தலையோடு நிறுத்தாதீர்கள்

இதனால்தான் கியாரி என்று சந்தேகம் வந்தால் கழுத்து, முதுகு இரண்டையும் சேர்த்து எடுக்கச் சொல்வார்கள். "தலைக்குத்தானே வலி, முதுகுக்கு எதுக்கு ஸ்கேன், காசு பிடுங்கறாங்க" என்று சலித்துக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். இது காசு பிடுங்குகிற வேலை இல்லை. சிரிங்ஸ் கழுத்தில் மட்டும்தான் இருக்கும் என்றில்லை, நெஞ்சுப் பக்கமும் இறங்கியிருக்கும். தலையில் மட்டும் எடுத்துவிட்டு, அது இல்லை என்று சொல்ல முடியாது.

டி2 சஜிட்டல் கழுத்துப் படத்தில் தண்டுவடம் சாம்பல் பட்டையாக இருக்கும், அதன் நடுவே வெள்ளையாக நீளக் கோடோ பையோ தெரிந்தால் அதுதான். எந்த எலும்பில் ஆரம்பித்து எந்த எலும்பில் முடிகிறது, குறுக்குவெட்டில் அகலமான இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். டி2-வில் மூளை, தண்டு விளிம்பில் சில நேரம் பொய்யான மெல்லிய வெள்ளைக் கோடு விழும், அதற்காக டி1-லும் அதே இடம் கறுப்பாக இருக்கிறதா, குறுக்குவெட்டிலும் தெரிகிறதா என்று ஒத்துப்பாருங்கள். மூன்றிலும் தெரிந்தால்தான் நம்பலாம்.

சிரிங்ஸ் இருந்தால் வருகிற அறிகுறி விசித்திரமானது. தொட்டால் தெரியும், ஆனால் சூடும் வலியும் தெரியாது, பெரும்பாலும் தோளும் கையும். சாயப்பட்டறையிலோ அடுப்படியிலோ கையில் கொப்புளம் வந்தபிறகுதான் சுட்டதே தெரிந்தது என்று யாராவது வீட்டில் சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். குழந்தைகளுக்கு முதுகு வளைந்து போவதும் இதனால் வரலாம்.

முன்பக்கத்து அளவுகள்

டான்சில் பின்பக்கம் நெருக்குகிறது. முன்பக்கம் இருந்து எலும்பு நெருக்கினால் நிலைமை வேறு, ஆபரேசன் முடிவே மாறலாம். இதற்கு இரண்டு அளவு போதும். ஒன்று, முன் புள்ளியில் இருந்து இரண்டாவது கழுத்தெலும்பின் உடம்பில் பின் கீழ் மூலைக்கு ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் இருந்து தண்டை மூடியிருக்கிற சவ்வுக்கு ஆக நீளமான செங்குத்துக் கோடு எவ்வளவு என்று பாருங்கள். 1999-ல் கிராப், மேப்ஸ்டோன், ஓக்ஸ் மூவரும் சொன்னது, அது 9 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் மூளைத்தண்டு முன்னிருந்து அழுத்தப்படுகிறது. இரண்டாவது, கிளைவஸின் சரிவுக்கும் இரண்டாவது எலும்பின் பின் ஓரத்துக்கும் இடையே உள்ள கோணம், அது 125 டிகிரிக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டியது. ஸ்கேனில் கழுத்து குனிந்திருந்தால் இந்தக் கோணம் குறைந்து காட்டும், ஆகவே ஒரே படத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டாவது எலும்பின் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற நுனி மெக்ரே கோட்டைத் தாண்டி மேலே போயிருந்தால் அது தனியாக ஒரு கோளாறு.

நம்ம நாட்டில் கழுத்து மேல் மூட்டுக் கோளாறோடு சேர்ந்து கியாரி வருவதைக் குறைவாக மதிப்பிடக் கூடாது. மும்பையின் அறுவைச் சிகிச்சை நிபுணர் அதுல் கோயல், முதல் இரண்டு கழுத்தெலும்புகள் நிலையாக நிற்காததுதான் கியாரிக்கே மூலகாரணம் என்று 2015-ல் எழுதினார். உலகம் முழுக்க அதை ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு, எதிர்க்கிறவர்கள் நிறையவே உண்டு. அதனால் ஒரு டாக்டர் பொடனி எலும்பை விரிவாக்கலாம் என்றும், இன்னொருவர் எலும்பைத் திருகாணி போட்டு நிறுத்தலாம் என்றும் சொன்னால், யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார் என்று முடிவு செய்யாமல், முன்பக்க அளவுகள் என்ன, கழுத்தை முன்னும் பின்னும் வளைத்து எடுத்த எக்ஸ்ரே என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

கியாரி மாதிரித் தெரிவது

இதைக் கட்டாயம் படியுங்கள். முதுகில் இருந்து நீர் கசிந்து தலைக்குள் அழுத்தம் குறைந்தாலும் மூளையே தொய்ந்து டான்சில் இறங்கிவிடும். படத்தில் கியாரி மாதிரியே இருக்கும். அதை கியாரி என்று நினைத்து பொடனியில் ஆபரேசன் செய்தால் நிலைமை மோசமாகும். வேறுபாடு தெரிய வழி உண்டு: அந்தத் தலைவலி எழுந்து நின்றால் வரும், படுத்தால் போகும். படத்தில் மூளைத்தண்டுக்கு முன்னால் இருக்கிற நீர் இடம் 5 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக, மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே உள்ள நீர் இடம் 4 மி.மீ. அல்லது குறைவாக ஒடுங்கியிருக்கும், மருந்து ஏற்றி எடுத்த படத்தில் மூளையின் மேலுறை தடித்துப் பளிச்சென்று தெரியும். மாறாக, தலைக்குள் அழுத்தம் கூடுதலாக இருந்தாலும் டான்சில் இறங்கும். உடல் பருமனான இளம்பெண்களுக்குக் கண் மங்கலும் சேர்ந்து வந்தால் கண் டாக்டரிடம் நரம்பு வீங்கியிருக்கிறதா என்று காட்டுங்கள்.

அறிகுறியை எழுதிக் கொண்டுபோங்கள்

எங்களிடம் வருகிற சீட்டில் பெரும்பாலும் "தலைவலி" என்று மட்டும் இருக்கும். அது வைத்து ஒன்றும் செய்ய முடியாது. காங்கயம் பக்கம் இருந்து வந்த ஒரு அக்காவிடம் மேசையில் படுக்க வைக்கும் முன்னால் கேட்டேன்.

"ஏனுங்க்கா, வலி எப்ப வருதுங்க?"

"இருமுனா வருதுங்க, தும்முனா வருதுங்க. குனிஞ்சு குடத்தைத் தூக்குனாப் போதும், பொடனியில சுரீர்னு புடிக்குது. ரெண்டு நிமிசத்துல போயிருதுங்க."

"மத்த நேரம்?"

"மத்த நேரம் ஒண்ணும் இல்லீங்க தம்பி."

இதை ரேடியாலஜிஸ்ட்டிடம் போனில் சொன்னதும் பெருந்துளைக்கு மெல்லிய துண்டுகளும் கழுத்தும் சேர்த்து எடுக்கச் சொன்னார். இருமல், தும்மல், முக்குதல், பாரம் தூக்குதல், இவற்றில் வந்து சில விநாடியிலோ நிமிடங்களிலோ போகிற பொடனி வலி கியாரியின் முக்கியமான அடையாளம். ஒரு பக்கம் துடிக்கிற வலி, வெளிச்சம் பட்டால் கூசுவது, நாள் முழுக்க இருப்பது, இவை பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி, ஸ்கேனில் டான்சில் இறங்கியிருப்பது தற்செயலாக இருக்கலாம். இந்த வித்தியாசத்தை ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுபோனால் நான் மேலே சொன்ன எல்லா அளவுகளைவிடவும் டாக்டருக்கு உதவும்.

விழுங்கும்போது புரையேறுவது, தூக்கத்தில் மூச்சு நிற்பது, கை மெலிந்து பட்டன் போட முடியாமல் போவது, நடை தள்ளாடுவது, இதில் ஏதாவது இருந்தால் டோக்கனுக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்புறம், முடிவு தெரியும்வரை சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பது வேண்டாம், தலைகீழ் ஆசனமும் வேண்டாம். சிசேரியனுக்கோ வேறு ஆபரேசனுக்கோ முதுகில் ஊசி போடுவதாக இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் ஸ்கேனை முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

நீரோட்டப் படம்

நெரிசல் இருக்கிறதா இல்லையா என்று சாதாரணப் படத்தில் முடிவாகத் தெரியாதபோது நீரோட்டத்தைக் காட்டுகிற தனி எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். விரலிலோ நெஞ்சிலோ துடிப்பு பார்க்கிற கருவியை மாட்டி, ஒவ்வொரு துடிப்பிலும் நீர் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பதிவாகும். மேலே போவது ஒரு நிறம், கீழே போவது இன்னொரு நிறம். டான்சிலுக்குப் பின்னால் நிறமே மாறாமல் கிடந்தால் அங்கே ஓட்டம் இல்லை. ஊசி, மருந்து எதுவும் கிடையாது, சில நிமிடம் கூடுதலாக அசையாமல் படுத்திருந்தால் போதும். எல்லா சென்டரிலும் எடுப்பதில்லை, பதிவு செய்யும் முன் போனில் கேட்டுவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் தாராபுரத்தில் இருந்தோ அந்தியூரில் இருந்தோ பஸ் ஏறி வந்து திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

அடுத்த ஸ்கேனை எப்படி ஒப்பிடுவது

தொந்தரவு இல்லையென்றால் பெரும்பாலும் கவனித்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள், கொஞ்ச காலம் கழித்து மறுபடி எடுப்பார்கள். முன்னது 6, இப்போது 7 என்று வந்தால் நோய் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. வேறு மெஷின், வேறு தடிமன், வேறு ஆள் அளந்தது, இதில் ஒரு மில்லிமீட்டர் மாறுவது சாதாரணம். முடிந்தவரை அதே சென்டரில், அதே முறையில் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு தொகுப்பையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, நீங்களே இரண்டிலும் கோடு போட்டுப் பாருங்கள். டான்சில் எண்ணைவிட சிரிங்ஸின் அகலமும் நீளமும் மாறியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பாருங்கள். முன்னே இல்லாத சிரிங்ஸ் புதிதாக வந்திருந்தால் அது பெரிய மாற்றம்.

ஆபரேசன் என்றால் பொடனி எலும்பில் ஒரு பகுதியையும் பெரும்பாலும் முதல் கழுத்தெலும்பின் பின் வளைவையும் எடுத்து இடம் உண்டாக்குவார்கள், பல நேரம் சவ்வைத் திறந்து ஒட்டுப் போட்டு அகலப்படுத்துவார்கள். அதற்குப் பிறகு பின் புள்ளியே இருக்காது, ஆகவே மெக்ரே கோட்டை வைத்துப் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது. பார்க்க வேண்டியது சிறுமூளைக்குப் பின்னால் வெள்ளை நீர் இடம் புதிதாகத் தெரிகிறதா, டான்சிலின் கூர் நுனி உருண்டிருக்கிறதா, சிரிங்ஸ் மெலிந்திருக்கிறதா. சிரிங்ஸ் சுருங்க மாதக்கணக்கில் ஆகும், முதல் ஸ்கேனிலேயே போய்விடவில்லை என்று மனசு உடைய வேண்டாம். ஆபரேசனுக்கு முந்தைய டிஸ்க்கை ஆஸ்பத்திரியில் கொடுத்தால் காப்பி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பி வாங்கிவிடுங்கள், பின்னால் வருகிற ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அது தேவைப்படும்.